சொந்தமாக ஓர் இலகு இயங்குதளம் வெளியிடலாமா? மூதூரிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

மூதூர் நண்பர் கேட்டிருப்பது இது. அவர் படித்த பாடசாலையின் கணினி ஆய்வுகூடத்தில் 2 ஜி.பி. நினைவகம் கொண்ட 22 பழைய கணினிகள் விண்டோஸ் 7 உடன் கிடக்கின்றன. பழைய மாணவர் நால்வர் சேர்ந்து, தமிழில் இயங்கும் இலகுவான திறந்த மூல இயங்குதளம் ஒன்றை உருவாக்கி, யாரும் தரவிறக்கிக்கொள்ளும்படி வெளியிட விரும்புகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது கேள்வி. பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த 22 கணினிகளையும் பிள்ளைகள் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவருவது ஒன்று. முன்பின் தெரியாதவர் தம் கணினியில் நிறுவிக்கொள்ளும் ஒன்றுக்குப் பொறுப்பேற்பது மற்றொன்று. முதலாவதற்கு நான்கு பேரும் சில வார இறுதிகளும் போதும். இரண்டாவதில் வெளியீட்டு நாளுக்கு முந்திய வேலையைவிட அதற்குப் பிந்திய வேலையே பல மடங்கு அதிகம். அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்பதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் திருகோணமலை நகரில் கணினி திருத்தும் தொழில் செய்பவன். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலிலிருந்து வார்த்தெடுத்த சிறிய இயங்குதளம் ஒன்றை நானும் இரண்டு நண்பர்களும் நகரத்திலும் கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்திலும் சில பாடசாலைகளில் பல ஆண்டுகளாக ஓடவிட்டுப் பராமரித்து வருகிறோம். என் அனுபவம் இன்டெல், ஏ.எம்.டி. கணினிகளோடு நின்றுவிடுகிறது, ராஸ்பெரி பை போன்ற, ஆர்ம் என்ற வேறு வகைச் செயலி கொண்ட பலகைகளுக்கு நான் எதையும் வெளியிட்டதில்லை. உரிமம் பற்றிச் சொல்பவை உரிம வாசகங்களைப் படித்தும் கடைப்பிடித்தும் பெற்ற அறிவு. சட்டத்தரணியின் ஆலோசனை அல்ல.

'சொந்த இயங்குதளம்' என்ற சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். (நம் பாடநூல்கள் இதைப் 'பணிசெயல் முறைமை' என்கின்றன, கடைத்தெருவில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.) கருனியிலிருந்து (kernel, வன்பொருளை நேரடியாக ஆளும் மையநிரல்) எல்லாவற்றையும் தாமே எழுதுவது ஒரு வழி. ஹைக்கூ இயங்குதளத்தின் பணி 2001இல் தொடங்கியது. அதன் முதல் பீட்டா (சோதனை) வெளியீடு 2018இல்தான் வந்தது. திறமையான பலர் உழைத்தும் பதினேழு ஆண்டுகள். கற்பதற்கு அதைவிடச் சிறந்த பள்ளி இல்லை, ஆனால் 22 கணினிகளுக்கு அது விடையாகாது. லினக்ஸ் கருனியை எடுத்துக்கொண்டு மற்ற ஒவ்வொரு பொதியையும் (நிரலும் அதன் துணைக்கோப்புகளும் சேர்ந்த கட்டு) மூலநிரலிலிருந்து தொகுப்பது இரண்டாவது வழி. 'லினக்ஸ் ஃப்ரொம் ஸ்க்ராட்ச்' என்ற வழிகாட்டி 1999 முதல் அதைக் கற்பித்து வருகிறது. நால்வரும் ஒருமுறை அதைச் செய்துபாருங்கள், ஆனால் வெளியிட வேண்டாம். பல நிரல்கள் பகிரும் நிரல்நூலகம் ஒன்றில் பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டால், அன்றிரவே அதைத் தொகுத்துப் பயனர்களுக்கு அனுப்ப வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள். மூன்றாவது, டெபியன் போன்ற நிலைபெற்ற ஒன்றின்மேல் மெல்லிய அடுக்காக உங்கள் தெரிவுகளை வைப்பது. உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அந்த அடுக்கு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. அதற்கான காரணம் பின்னால் ஒரு கதையோடு வரும்.

அடித்தளத்தைத் தெரிவதற்குமுன் கணினிகளின் செயலிகளைப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியும் இல்லை, கருனியும் இல்லை. டெபியன் 12 அவற்றைத் தாங்கும். அதற்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. பழைய கணினி என்றாலே 32 பிட் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அது சரியல்ல. 2006இல் வந்த கோர் 2 டியோவே 64 பிட் செயலிதான். அதில் 32 பிட் விண்டோஸ் நிறுவப்பட்டிருந்ததனால் அந்த எண்ணம் ஒட்டிக்கொண்டது. உண்மையிலேயே 32 பிட் மட்டும் என்பவை ஆரம்பகால பென்டியம் 4, சிறு மடிக்கணினிகளில் வந்த அட்டம் என்270 போன்றவை. 22இல் இரண்டோ மூன்றோ அப்படி இருந்தால், அவற்றுக்காக முழுத் திட்டத்தையும் பின்னிழுக்காமல், ஆன்டிஎக்ஸ் போன்ற ஆயத்தமான இலகு லினக்ஸ் ஒன்றை அவற்றில் நிறுவிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இனி 'இலகு' என்ற சொல். இதில்தான் புதியவர்கள் அதிகம் வழிதவறுகிறார்கள், நாங்களும் தவறினோம். ஐ.எஸ்.ஓ. கோப்பு (இயங்குதளம் முழுவதையும் அடக்கிய, தரவிறக்கி நிறுவும் படிமம்) சிறியதாக இருப்பது இலகுத்தன்மை அல்ல. டைனி கோர் லினக்ஸ் இருபது மெகாபைட் அளவில் கிடைக்கிறது, அது ஓர் அருமையான கலைவேலை. ஆனால் பிள்ளை இணைய உலாவியைத் திறந்த கணமே அதன் சிறுமை பொருளற்றுப் போகிறது. மேசைத்தளத்தில் (திரையில் தெரியும் சாளரச் சூழல்) எக்ஸ்.எஃப்.சி.ஈ.க்குப் பதிலாக எல்.எக்ஸ்.கியூ.டி., அதற்கும் பதிலாக ஐஸ்டபிள்யூ.எம். என்று இறங்கிக்கொண்டே போனால் நூறு, இருநூறு மெகாபைட் மிச்சமாகும். ஃபயர்பாக்ஸில் நான்கு தத்தல்களை (tab) திறந்தால் அந்த மிச்சம் போன இடம் தெரியாது. ஆகவே, உலாவியும் லிப்ரேஆபிஸும் சேர்ந்து திறந்திருக்கும்போது கணினி மூச்சு விடுகிறதா என்பதையே அளவுகோலாக வையுங்கள். அந்த அளவுகோலில் கண்கூடாக உதவுவது இசட்-ரேம். நினைவகத்தின் ஒரு பகுதியைச் சுருக்கிய இடமாற்றுப் பரப்பாக (swap, நினைவகம் நிரம்பும்போது தரவை ஒதுக்கிவைக்கும் இடம்) பயன்படுத்தும் இவ்வசதி 2014 முதல் கருனியிலேயே இருக்கிறது. உள்ளே போகும் தரவு பொதுவாக இரண்டு, மூன்று மடங்கு சுருங்குவதனால், 2 ஜி.பி. கணினி வன்தட்டை நாடி உறைந்து நிற்பது வெகுவாகக் குறைகிறது. இன்னொன்று: நேரடியாக இயங்கும் படிமத்தை எக்ஸ்இசட் முறையில் சுருக்கினால் கோப்பு சிறுக்கும், ஆனால் ஒவ்வொரு நிரலைத் திறக்கும்போதும் பழைய செயலி அதை விரிக்கத் திணறும். இசட்-ஸ்டாண்டர்ட் முறையில் கோப்பு சற்றுப் பெருக்கும், கணினி விரைவாக எழும்பும். பெரிய கோப்பே இலகுவான கோப்பாக இருக்கும் இடம் இது. இவை எல்லாவற்றையும்விட, பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டில்லாத விரைவான சேமிப்பகம்) பொருத்துவது அதிகம் பயன் தரும். நால்வரின் உழைப்பைவிட ஒரு நன்கொடை கூடுதலாகச் சாதிக்கும் என்று சொல்வது உற்சாகம் தராதுதான். ஆனால் உண்மை அது.

இலகுவாக்குவதில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்கிறேன். தேவையற்ற சேவைகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனவர்கள், நேரத்தை ஒத்திசைக்கும் சேவையையும் நீக்கினோம். அது பிடித்திருந்த நினைவகம் மிக அற்பம். ஆனால் பட்டியலில் ஒரு வரி குறைந்த திருப்தி பெரிதாக இருந்தது. எங்கள் மேசையில் எல்லாம் சரியாக ஓடியது. பாடசாலையில் பதினான்கு கணினிகளில் ஆறில் எந்த இணையத்தளமும் திறக்கவில்லை. தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் செல்லாது என்றே உலாவி சொல்லிக்கொண்டிருந்தது. இணைப்புக் கம்பியை மாற்றினோம், ரவுட்டரைத் திட்டினோம். கடைசியில் திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைக் கண்டவர் அங்கிருந்த மாணவி ஒருவர். தாய்ப்பலகையிலுள்ள பொத்தான் மின்கலம் செத்துப்போனதால் அந்த ஆறு கணினிகளும் ஒவ்வொரு காலையும் பல ஆண்டுகள் பின்னால் விழித்தன. கணினியின் நாட்காட்டிக்குச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. பொதிகளை இற்றைப்படுத்தப் போனபோதும், பொதிகள் வந்துசேரும் இணையக் களஞ்சியத்தின் கோப்பு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று அதே காரணத்தால் மறுத்தது. சி.ஆர்.2032 மின்கலங்களை வாங்கிப் போட்டோம், நேரச்சேவையையும் திரும்ப வைத்தோம். கடலோர ஊர்களில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நினைவகச் சில்லுகளின் தொடுமுனைகளில் உப்புக்காற்று படலம் பிடிக்க வைக்கும். கணினி எழும்பாவிட்டால் இயங்குதளத்தைக் குறை சொல்லுமுன் சில்லைக் கழற்றி, பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள்.

உருவாக்கும் முறைக்கு வருவோம். ஓடிக்கொண்டிருக்கும் கணினியை அப்படியே படம்பிடித்து ஐ.எஸ்.ஓ. ஆக்கும் கருவிகள் உண்டு, அவை மிகவும் கவர்ச்சியானவை. சொந்தக் காப்புப் பிரதிக்கு அவை நல்லவை; வெளியீட்டுக்கு வேண்டாம். உலாவி வரலாறும் வீட்டு வைஃபை கடவுச்சொல்லும் சேர்ந்து ஊருக்குப் போகக்கூடும் என்பது ஒரு காரணம். ஆறு மாதத்தின் பின் அதே படிமத்தை மீண்டும் உருவாக்க உங்களால் முடியாது என்பது அதைவிடப் பெரிய காரணம். டெபியனின் 'லைவ்-பில்ட்' கருவி இதற்கு நேர்மாறானது: எந்தப் பொதிகள் வேண்டும், எந்த அமைப்புக் கோப்புகள் எங்கே போக வேண்டும், கட்டும்போது எந்தக் கட்டளைகள் ஓட வேண்டும் என்பதைச் சில சாதாரண உரைக் கோப்புகளில் எழுதிவைத்தால், அது ஒவ்வொரு முறையும் வெறுமையிலிருந்து கட்டித் தரும். அந்தக் கோப்புகளை ஜிட்டில் (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி) வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இயங்குதளம் என்பது உண்மையில் அந்தக் கோப்புகள்தான்; ஐ.எஸ்.ஓ. அவற்றின் விளைபொருள் மட்டுமே. கட்டி முடிந்த படிமத்தில் இயந்திர அடையாளக் கோப்பு (ஒவ்வொரு கணினிக்கும் தனியான எண் கொண்டது) வெறுமையாக இருக்கிறதா, எஸ்.எஸ்.எச். (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) சாவிகள் உள்ளே தங்கிவிட்டனவா என்று பாருங்கள். ஒருமுறை எங்கள் பிரதிகள் யாவும் ஒரே அடையாளத்தோடு போயின. அந்த வெளியீட்டில் வலையமைப்பைக் கவனித்தது சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற சேவை. அது அந்த அடையாளத்தை வைத்தே ரவுட்டரிடம் முகவரி கேட்பதனால், ஆய்வுகூடம் முழுவதும் ஒரே முகவரிக்காக அடிபட்டது.

தமிழ் விடயத்தில் உங்கள் உழைப்புக்கு உண்மையான பெறுமதி உண்டு. மற்றவற்றை உலகில் வேறு யாரும் செய்துகொள்வார்கள். எழுத்துருக்களில் நோட்டோ தொகுதியை முழுதாக இழுத்துக்கொள்ளாதீர்கள். சீன, ஜப்பானிய எழுத்துருக்களோடு நூற்றுக்கணக்கான மெகாபைட் வந்து சேரும். தமிழுக்கு லோகித் அல்லது நோட்டோ தமிழ், சிங்களத்துக்கு எல்.கே.எல்.யு.ஜி. எழுத்துரு, அவ்வளவு போதும். சிங்களம் எதற்கு என்று கேட்காதீர்கள். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வரும் சுற்றறிக்கை பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் அதிபர் அன்றே விண்டோஸைத் திரும்பக் கேட்பார். விசைப்பலகையில் ஆளுக்கொரு பழக்கம். பிள்ளைகள் ஒலிபெயர்ப்பு முறையில் ('amma' என்று தட்டினால் 'அம்மா') தட்டுவார்கள். இந்தியாவில் பழகியவர் தமிழ்99 விசைவரிசை கேட்பார். பாடசாலை அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகத் தட்டச்சு செய்பவருக்குத் தட்டச்சுப்பொறி வரிசையே கையில் ஊறியிருக்கும். அவர் 'கொ' எழுத முதலில் ஒற்றைக்கொம்பைத் தட்டுவார், பிறகு 'க', பிறகு கால். உலகப் பொதுக் குறியாக்கமான யூனிகோடோ மெய்யை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னாலும் சேமிக்கிறது. இந்த இடமாற்றத்தைச் சாதாரண விசைப்பலகை வரைபடத்தால் செய்ய இயலாது. அதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலும் எம்17என் என்ற விசைவரிசைத் தரவுத்தொகுதியும் வேண்டும். இலங்கைக்கான ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பும் அத்தொகுதியில் இருக்கிறது. உள்ளீட்டு முறையை 'தேவையற்ற சுமை' என்று யாராவது நீக்க வந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

அடுத்தது பாமினி, யூனிகோடில் அமையாத பழைய தமிழ் எழுத்துரு. நம் பகுதியில் பழைய வினாத்தாள், கடிதம், மாணவர் பட்டியல் எல்லாம் பெரும்பாலும் பாமினியில்தான் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை போலத் தெரியும். லினக்ஸ் கோப்பைக் கெடுத்துவிட்டது என்று ஆசிரியர் பயந்துவிடுவார். உடனே பாமினியை ஐ.எஸ்.ஓ.வுக்குள் சேர்த்துவிடத் தோன்றும். மறுவிநியோகத்துக்கு அனுமதிக்கும் உரிம வாசகம் கையில் இல்லாத எதையும் சேர்க்காதீர்கள். எழுத்துருவுக்கும் இது பொருந்தும். அதற்குப் பதிலாக ஒரு மாற்றியைச் சேருங்கள். ஓப்பன்-தமிழ் என்ற திறந்த மூலப் பைத்தான் நூலகத்தில் பாமினியை யூனிகோடாக்கும் பகுதி உண்டு; அதன்மேல் இரண்டு பொத்தான்கள் கொண்ட சாளரம் ஒன்றை ஒரு மாலையில் எழுதிவிடலாம். எங்கள் இயங்குதளத்தில் ஆசிரியர்கள் அதிகம் திறக்கும் நிரல் அதுதான். மேசைத்தளத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் இடைவெளிகள் இருக்கும். அவற்றை உங்கள் படிமத்துக்குள் மட்டும் திருத்தாமல் அந்தந்தத் திட்டத்துக்கே அனுப்புங்கள். அப்போது நீங்கள் ஓய்ந்தபின்னும் அது வாழும்.

வெளியிடும் கட்டத்தில் உரிமக் கடமை வருகிறது. ஐ.எஸ்.ஓ. ஒன்றைப் பகிர்வது என்பது பிறர் எழுதிய நூற்றுக்கணக்கான நிரல்களை நீங்கள் விநியோகிப்பது. அவற்றில் பலவற்றின் உரிமமான ஜி.பி.எல். அதை அனுமதிக்கிறது, ஆனால் அதே பதிப்பின் மூலநிரலும் பெறுபவருக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. நாம் மாற்றம் ஒன்றும் செய்யவில்லையே, டெபியன் தளத்தில்தான் மூலம் இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது. 2006இல் மெபிஸ் என்ற வழங்கலுக்குச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை நினைவூட்டியது இதைத்தான். வலையில் தரவிறக்கத்துக்கு வைக்கும்போது மூலத்தையும் பக்கத்திலேயே வைப்பது நேரிய வழி. பென் டிரைவில் கையளித்தால், மூலத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அல்லது மூன்றாண்டுகளுக்குச் செல்லுபடியாகும் எழுத்துமூல உறுதி கொடுங்கள் என்கிறது ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு. ஒவ்வொரு வெளியீட்டன்றும் மூலப்பொதிகளைத் தரவிறக்கி ஒரு வெளி வன்தட்டில் நாள் குறித்து வைப்பது எங்கள் வழக்கம். பெயரிலும் கவனம் வேண்டும். 'டெபியனை அடிப்படையாகக் கொண்டது' என்று சொல்லலாம். டெபியனே வெளியிட்டது என்ற தோற்றம் தரக்கூடாது.

கோப்பின் நம்பகத்தன்மைக்கு சரிபார்ப்புத் தொகை (checksum, கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) மட்டும் போதாது. 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், தரவிறக்கச் சுட்டிகளைப் பின்கதவு வைத்த ஐ.எஸ்.ஓ.வுக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்தை மாற்றக்கூடியவனுக்கு அதே பக்கத்தில் இருக்கும் தொகையை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? தொகைப் பட்டியலை ஜி.பி.ஜி. என்ற மின்கையொப்பக் கருவியின் சாவியால் ஒப்பமிடுங்கள், அந்தச் சாவி இணையச் சேவையகத்தில் இருக்கவே கூடாது. பாதுகாப்பான எழுப்பல் (Secure Boot, ஒப்பமிட்ட நிரலை மட்டும் தொடங்கவிடும் வசதி) இயக்கப்பட்ட புதிய கணினிகளுக்கு, மைக்ரோசாஃப்டின் ஒப்பத்தோடு டெபியன் தரும் ஷிம் என்ற எழுப்பு நிரலையும் டெபியன் ஒப்பமிட்டுத் தரும் கருனியையும் மாற்றாமல் அப்படியே பயன்படுத்துங்கள். கருனியை நீங்களே தொகுத்தால் அந்த வசதியை இழப்பீர்கள்.

இனி நான் சொல்லவந்த கதை. எங்கள் சிறு களஞ்சியத்தில் ஆறேழு பொதிகள் மட்டுமே இருந்தன: விசைப்பலகை அமைப்பு, பாமினி மாற்றி, மேசைத்தளத் தோற்றம், எங்கள் ஒப்பத்தைச் சரிபார்க்கும் சாவிப் பொதி போன்றவை. ஒப்பமிடும் சாவிக்கு இரண்டாண்டு ஆயுள் வைத்திருந்தோம். அது முடிகிற திகதியை மூவருமே மறந்துபோனோம். ஒரு திங்கட்கிழமை காலை எல்லாப் பாடசாலைகளிலிருந்தும் ஒரே மாதிரித் தொலைபேசி அழைப்பு: இற்றைப்படுத்தல் பிழை காட்டுகிறது. சாவியின் ஆயுளை நீட்டிக்க எனக்கு ஒரு நிமிடம்தான் எடுத்தது. ஆனால் நீட்டித்த சாவியைக் கணினிகளுக்குக் கொண்டுபோக வேண்டிய பொதி இருந்ததோ, அவை இனி நம்ப மறுக்கும் அதே களஞ்சியத்தில். பூட்டிய அறைக்குள்ளேயே திறப்பு. கடைசியில் சாவிப் பொதியைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி, பாடசாலை பாடசாலையாகப் போய்க் கையால் நிறுவினோம். அந்த அலைச்சலின் நடுவே ஒன்றைக் கவனித்தேன். எங்கள் களஞ்சியம் முடங்கிக் கிடந்த நாட்களிலும் அக்கணினிகள் டெபியனிலிருந்து கருனிக்கும் உலாவிக்குமான பாதுகாப்புத் திருத்தங்களைத் தவறாமல் பெற்றுக்கொண்டிருந்தன. நாங்கள் மூவரும் நாளைக்கே வெளிநாடு போய்விட்டாலும் அவை சும்மா டெபியன் கணினிகளாகத் தொடர்ந்து ஓடும். மெல்லிய அடுக்கு என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். உங்களில் ஒருவர் பல்கலைக்கழகம் போவார், ஒருவருக்குக் கத்தாரில் வேலை கிடைக்கும். நால்வர் தொடங்கியது ஒருவரில் வந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சாவியை இருவர் வைத்திருங்கள். காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே நீட்டித்த சாவியைப் பொதியாக அனுப்பிவிடுங்கள்.

காலக் கணக்கு கேட்டீர்கள். லைவ்-பில்ட் ஓடி முதல் படிமம் எழும்ப ஒரு வார இறுதி. தமிழ் உள்ளீடும் எழுத்துருவும் ஒழுங்காக ஒரு மாதம். அதன்பின் உங்கள் 22 கணினிகளில் ஒரு முழுத் தவணை ஓட வேண்டும். மெய்நிகர் கணினியில் மட்டும் சோதித்துவிட்டு வெளியிடாதீர்கள், ஏனெனில் வைஃபை சில்லும் பழைய திரைச்சில்லும் காட்டும் குணம் அங்கே தெரியாது. இவை எங்கள் வேகத்தை வைத்துச் சொல்பவை. நால்வரில் ஒருவருக்காவது லினக்ஸ் முன்பே பழக்கமாக இருந்தால் குறையும். தரவிறக்கத்துக்கு இன்டர்நெட் ஆர்கைவ் அல்லது சோர்ஸ்ஃபோர்ஜ் போதும். கிட்ஹப் வெளியீட்டில் ஒரு கோப்பு 2 ஜி.பி.க்குள் இருக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் டேட்டா செலவைக் குறைக்க ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவுங்கள். ஒரு பொதி ஒருமுறை மட்டும் வெளியிலிருந்து இறங்கும், மீதி 21 கணினிகளும் அதனிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். அதற்கெல்லாம் முன்னதாக, இந்த வாரம் 22 கணினிகளையும் ஒவ்வொன்றாக எழுப்பி, செயலியின் பெயரையும் கடிகாரம் காட்டும் ஆண்டையும் ஒரு கொப்பியில் எழுதி இங்கே பதியுங்கள். எத்தனை மின்கலம் வாங்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம்.